தலைவிதியும் சாலைவிதியும்

கையிலே விலங்கு! காலிலே சங்கிலி! நள்ளிரவு கடந்த நேரம்! சிறைக் கதவு திறக்கப்படுகிறது. உறங்கிக் கிடந்தவரைத் தட்டி எழுப்புகிறார்கள். வண்டியிலே ஏற்றுகிறார்கள். ஏறத்தாழ 200 மைல் தொலைவு, இருளைக் கிழித்துக்கொண்டு ஓடுகிறது அந்த வண்டி. கொடுங்குற்றவாளிகளை அடைத்துவைக்கும் ரீட்ஸ்வில் சிறைச்சாலையின் வாயிலிலே போய் நிற்கிறது.

யார் அவர்? கொள்ளைக்காரரா? அல்ல! கொலை புரிந்தவரா? அல்ல! அமைதியே உருவான அறப்போர் வீரர், அமெரிக்கக் கறுப்பு மக்களின் கண்ணீரைத் துடைக்க வந்த மார்ட்டின் லூதர் கிங்! ஆண்டு 1960, அக்டோபர் திங்கள். நான்கு மாதக் கடுங்காவல் தண்டனை! அவர் செய்த குற்றம் என்ன தெரியுமா, தோழர்களே? ஜியார்ஜியா மாநிலத்து ஓட்டுநர் உரிமம் இல்லாமல் கார் ஓட்டினார்!

உரிமமே இல்லாதவரா அவர்? இருந்தது. அலபாமா மாநிலம் தந்த உரிமம் இருந்தது. அவ்வாண்டின் தொடக்கத்திலேதான் அலபாமாவிலிருந்து ஜியார்ஜியாவின் தலைநகரான அட்லாண்டாவுக்குக் குடிபெயர்ந்திருந்தார். புது மாநிலத்து உரிமத்தை இன்னும் வாங்கவில்லை. மே திங்கள் 4-ஆம் நாள், லில்லியன் ஸ்மித் எனும் வெள்ளை இன எழுத்தாளரை, புற்றுநோய்க்கு மருத்துவம் பெற்றுவந்த அந்த அம்மையாரை, மருத்துவமனைக்குத் தம் காரிலே அழைத்துச் செல்கிறார். கறுப்பர் ஓட்டுகிறார், பக்கத்திலே வெள்ளை மாது! காவலர் வண்டியை மறித்ததற்கு அதுவே காரணம் என்று வரலாறு எழுதியோர் கூறுகின்றனர். தாள்களைத் துருவினார்கள். குற்றம் கிடைத்துவிட்டது! செப்டம்பரில் 25 டாலர் அபராதம். அதோடு ஓராண்டு நன்னடத்தைக் காலம்.

அடுத்த மாதம், அட்லாண்டா நகரிலே, கறுப்பருக்கு உணவு பரிமாற மறுத்த ஒரு பெரிய அங்காடியிலே மாணவர்களோடு அமர்ந்து மறியல் செய்கிறார் கிங். கைதாகிறார். மாணவர்கள் விடுவிக்கப்படுகிறார்கள்; கிங் விடுவிக்கப்படவில்லை. நன்னடத்தை முறிந்தது என்கிறார் நீதிபதி. கடுங்காவல் என்கிறார். கருவுற்றிருந்த அவர் துணைவியார் கொரெட்டா கலங்கி நிற்கிறார். குடியரசுத் தலைவர் தேர்தலிலே நின்ற ஜான் கென்னடி அந்த அம்மையாரிடம் தொலைபேசியிலே ஆறுதல் கூற, அவருடைய தம்பி இராபர்ட் கென்னடி நீதிபதியிடம் பேச, அக்டோபர் 27-ஆம் நாள் பிணையிலே வெளிவந்தார் கிங்.

இது ஒரு காட்சி. மற்றொன்றைக் காணுங்கள்.

2024-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள், விடியலுக்கு முந்தைய வேளை. மராட்டியத்தின் புனே நகரம். கோடி ரூபாய்க்கு மேல் பெறுமான வெளிநாட்டுக் கார், அம்பெனப் பாய்ந்து வருகிறது. நிலையான பதிவு எண்ணும் பெறாத கார்! ஓட்டியவனாகக் குற்றம் சாட்டப்பட்டவன் 17 வயதுச் சிறுவன். உரிமம் பெறும் வயதே வராதவன்! இருசக்கர வண்டியிலே சென்ற இரு இளம் பொறியாளர்கள், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், அங்கேயே மாண்டனர். சிறுவனுடைய தந்தை பெருஞ்செல்வர். ஒரு பகல் முடிவதற்குள் பிணை கிடைத்துவிட்டது. என்ன நிபந்தனை? சாலை விபத்து பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுதவேண்டும்!

பிணைக்கான நிபந்தனையே அது, இறுதித் தண்டனை அல்ல என்று சட்டம் கற்றோர் விளக்கம் தரலாம், அது உண்மையுங்கூட. நாடே கொதித்தெழுந்த பிறகு சிலநாள் கழித்து அந்த ஆணை மாற்றப்பட்டதும் உண்மை. அடுத்த மாதம் உயர்நீதிமன்றம் சிறுவனை விடுவித்ததும் உண்மை. சிறுவனின் இரத்த மாதிரியையே மாற்றி வைத்தார்கள் என்ற குற்றச்சாட்டிலே மருத்துவர்கள் கைது செய்யப்பட்டதும் உண்மை. உண்மைகளை அடுக்கிப் பாருங்கள். ஒருபுறம், யாருக்கும் கீறலும் ஏற்படுத்தாமல், நோயுற்றவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றவருக்கு நான்கு மாதக் கடுங்காவல். மறுபுறம், இரு உயிர் போன பிறகு 300 சொற்கள்!

கிழித்தெறியலாமா?

இதைக் கண்டதும் துடிப்புள்ள இளைஞன் கேட்பான்: "உரிமம் என்பதே ஏமாற்றுத்தானே? வலியவன் கையிலே சாட்டை, எளியவன் முதுகிலே தழும்பு! இந்தச் சட்டத்தை நான் ஏன் மதிக்கவேண்டும்?" கேட்கட்டும். கேட்பது பகுத்தறிவின் முதற்படி. விடை கிடைக்கும்வரை தேடுவது இரண்டாம் படி. முதற்படியிலேயே அமர்ந்துவிடுபவன் மாடி ஏறமாட்டான்.

உரிமமின்றி ஓட்டுகிறவன் சொல்லும் வாதத்தையும் முழுமையாகக் கேட்போம். "பத்து ஆண்டாக ஓட்டுகிறேன். ஒரு கோழிக்குஞ்சைக்கூட இடித்ததில்லை. திருடியவனைத் தண்டிக்கிறீர்கள், பொருள் போயிற்று, சரி. அடித்தவனைத் தண்டிக்கிறீர்கள், காயம் இருக்கிறது, சரி. நான் யாருக்கு என்ன கேடு செய்தேன்? தாள் ஒன்று சட்டைப்பையில் இல்லை என்பதற்காகவா தண்டனை?"

எளிதிலே தள்ளிவிடக்கூடிய வாதமல்ல இது. கேடு விளையாத இடத்திலே தண்டனை விதிப்பது பெரிய பொறுப்பு. அரசு அதற்குக் காரணம் காட்டியே தீரவேண்டும். காரணம் உண்டா? உண்டு. மூன்று உண்டு.

இரண்டு இளைஞர்களை எண்ணிப் பாருங்கள். இருவரும் ஓட்டக் கல்லாதவர்கள். ஒரே தெருவிலே, ஒரே விரைவிலே, ஒரே மாலையிலே வண்டி ஓட்டுகிறார்கள். ஒருவன் எதிரே பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு குழந்தை ஓடி வருகிறது. மற்றவன் எதிரே வரவில்லை. ஒருவன் கொலைகாரன் என்று தூற்றப்படுகிறான். மற்றவன் வீட்டுக்குப் போய் உணவருந்தி உறங்குகிறான். இருவர் செய்கையிலும் வேறுபாடு என்ன? ஒன்றுமில்லை! வேறுபாடு, குழந்தை ஓடிவந்ததிலேதான் இருக்கிறது. செயலைப் பார்க்காமல் விளைவை மட்டுமே பார்த்துத் தண்டிப்போமானால், சட்டம் பிணங்களை எண்ணும் கணக்கப்பிள்ளை ஆகிவிடும். இது முதற் காரணம்.

இரண்டாவது, பணயம். சூதாடுகிறவன் தன் பொருளைப் பணயம் வைக்கிறான்; கெட்டால் அவன் கெடுகிறான். கல்லாமல் ஓட்டுகிறவன் எதைப் பணயம் வைக்கிறான்? தெருவோரம் கீரைக் கூடையோடு நடந்து செல்லும் மூதாட்டியின் உயிரை! பள்ளியிலிருந்து திரும்பும் சிறுமியின் கால்களை! அவர்களைக் கேட்டானா? அவர்கள் இசைந்தார்களா? அடுத்தவர் உயிரைப் பணயம் வைக்கும் உரிமையை இவனுக்கு வழங்கியது யார்?

மூன்றாவது, சான்று. "நான் நன்றாக ஓட்டுவேன்" என்று கூறுபவன் யார்? அவனே! தன் வழக்கிலே தானே நீதிபதி! எரிகிற விளக்கு தன்னை ஒளி என்று சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை, பிறர் காண்பார்கள் என்பான். காணட்டும் என்றுதான் தேர்வு வைத்திருக்கிறார்கள். பத்து ஆண்டு இடிக்காமல் ஓட்டியவனுக்குப் பத்து நிமிடத் தேர்வு ஏன் கசக்கவேண்டும்?

இந்த மூன்று காரணங்களையும் சொல்லி முடித்த பிறகும், நம் நாட்டிலே ஒரு விடை காத்திருக்கிறது. "என்ன செய்வது, எல்லாம் தலைவிதி!" இந்தச் சொல்லுக்கு முன்னால் காரணங்களெல்லாம் கைகட்டி நின்றுவிடுகின்றன. 2022-ஆம் ஆண்டிலே மட்டும் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள். 1,68,491 பேர் மாண்டனர். மணிக்குப் பத்தொன்பது பேர்! அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையிலே முதலிடம் பெற்ற மாநிலம் எது? நம் தமிழ்நாடு! 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். இத்தனைக்கும் உரிமமின்மையே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. சாலையின் குறையும் உண்டு, வேகமும் உண்டு, குடியும் உண்டு. ஆனால் இவற்றில் எது பிரமன் எழுதிய எழுத்து? எல்லாம் மனிதன் செய்தவை; மனிதன் திருத்தக்கூடியவை.

புது வண்டி வாங்கியதும் சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறான். கண்ணேறு கழியப் பூசணிக்காயை நடுத்தெருவிலே உடைக்கிறான். உடைந்த அந்தக் காயிலே வழுக்கி மற்றொருவன் விழுகிறான்! முன்புறத்திலே மிளகாய் தொங்குகிறது. எல்லாம் இருக்கிறது, உரிமம் மட்டும் இல்லை! தலைவிதியை நம்புகிறவன் சாலைவிதியை மறக்கிறான். ஒரே சொல், 'விதி'! ஒன்று, எவனோ எழுதியதாகச் சொல்லப்பட்டு நம்மைப் பொறுப்பிலிருந்து விடுவிப்பது. மற்றொன்று, நாமே கூடி எழுதி நம்மைப் பொறுப்பிலே நிறுத்துவது. இரண்டிலே எது மனிதனுக்குப் பெருமை?

உரிமம் எதை அளக்கிறது?

ஆகவே, உரிமம் கேட்பது நேர்மை. இல்லாதவனைத் தண்டிப்பதும் நேர்மை. ஆனால் ஒரு நிபந்தனை. அந்த உரிமம் திறமையை அளப்பதாக இருக்கவேண்டும். திறமையைத் தவிர வேறெதை அளந்தாலும், அந்த நொடியிலேயே தண்டனை தன் நேர்மையை இழக்கிறது.

பிரிட்டனிலே 1903-ஆம் ஆண்டுச் சட்டம் ஓட்டுநர் உரிமத்தைக் கட்டாயமாக்கிற்று. ஐந்து ஷில்லிங் கட்டினால் உரிமம் கிடைக்கும், தேர்வு கிடையாது! அஃது உரிமமா? கட்டணம் கட்டியதற்கான இரசீது! ஓட்டத் தெரியுமா என்று சோதிக்கும் கட்டாயத் தேர்வு அந்த நாட்டிலே 1935-ஆம் ஆண்டில்தான் வந்தது. முப்பது ஆண்டுக்கு மேல் அவர்கள் அளந்தது பணப்பையை, திறமையை அல்ல.

சவூதி அரேபியாவிலே அளந்தது வேறொன்று. பெண்ணா? உரிமம் இல்லை! 1990-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள், ரியாத் நகரத் தெருக்களிலே 47 பெண்கள் துணிந்து கார்களில் ஏறி ஓட்டிச் சென்றனர். கல்லாதவர்கள் அல்லர் அவர்கள். ஓட்டியவர்கள் வெளிநாடுகளிலே முறைப்படி உரிமம் பெற்றவர்கள். பிடித்தார்கள். கடவுச்சீட்டுகளைப் பறித்தார்கள். அரசுப் பணியில் இருந்தோரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். 2011-ஆம் ஆண்டில் கார் ஓட்டிய குற்றத்துக்காக ஒரு பெண்ணுக்குப் பத்துக் கசையடி என்று தீர்ப்பு வந்தது. உலகம் முகஞ்சுளிக்கவே மன்னர் அதை நீக்கினார். 2018-ஆம் ஆண்டு சூன் 24-ஆம் நாள் தடை நீங்கிற்று. அதற்கு முந்தைய மாதம், அந்த உரிமைக்காகப் போராடிய பெண்களையே பிடித்துச் சிறையில் அடைத்தார்கள்! கதவைத் திறக்கும்போதே, தட்டிய கையை முறித்தார்கள்.

ஜியார்ஜியாவிலே நிறத்தை அளந்தார்கள். ரியாத்திலே பாலை அளந்தார்கள். இந்த நாட்டிலும் ஒரு காலத்தில், ஒரே குற்றத்துக்குப் பிறப்பை அளந்து தண்டனை வகுத்த மனுவின் நூல் இருந்தது என்பதை நாம் மறந்துவிடவில்லை. எந்த அளவுகோலைக் கொண்டு அளக்கிறாய் என்று கேட்பது, சட்டத்தை எதிர்ப்பதாகாது. அது சட்டத்தைக் காப்பதாகும்.

மீறலில் இரு வகை

இங்கே ஓர் ஐயம் எழும். "கிங் சட்டத்தை மீறினார், வீரர் என்கிறீர்கள். ரியாத் பெண்கள் மீறினார்கள், வீராங்கனைகள் என்கிறீர்கள். நான் மீறினால் மட்டும் குற்றவாளியா?"

நன்றாகக் கேட்டாய், தம்பி! வேறுபாட்டைச் சொல்கிறேன். அறத்துக்காகச் சட்டத்தை மீறுகிறவன், அதனால் வரும் துன்பத்தைத் தன் தோளிலே ஏற்கிறான். அங்காடியிலே அமர்ந்த கிங் யாரையும் தள்ளவில்லை. தாமே சிறை புகுந்தார். ரியாத் பெண்கள் ஓட்டத் தெரிந்தே ஓட்டினார்கள். இழந்தது தங்கள் வேலையை, தங்கள் கடவுச்சீட்டை. ஆனால் கல்லாமல் வண்டி ஓட்டுகிறவன் மீறலின் துன்பத்தை எவன் தோளிலே ஏற்றுகிறான்? எதிரே வருகிற, பெயரறியா மனிதனின் தோளிலே! முன்னது தன்னை ஈதல். பின்னது பிறரைப் பறித்தல். வெளித்தோற்றத்திலே இரண்டும் மீறல்தான். பாலும் வெள்ளை, சுண்ணாம்பு நீரும் வெள்ளை!

அறப்போர் வீரனுக்கு மற்றோர் அடையாளமும் உண்டு. அவன் ஒளிந்து மீறுவதில்லை. பகலிலே, பலர் காண மீறுகிறான். காவலரைக் கண்டதும் வண்டியைச் சந்துக்குள் திருப்புகிறவன், தன்னைப் புரட்சிக்காரன் என்று கூறிக்கொள்ள வேண்டாம்.

காசுக்கு விற்ற தாள்

குடிமகனை நோக்கி நீட்டிய விரலை, இனி அரசின் பக்கம் திருப்புவோம். 2004-ஆம் ஆண்டுவாக்கில் டெல்லி நகரிலே பொருளியல் அறிஞர்கள் ஓர் ஆய்வு செய்தார்கள். உரிமம் கோரிய எண்ணூறு பேருக்கு மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்தார்கள். முடிவு 2007-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கண்டது என்ன? உரிமம் பெற்றவர்களிலே ஏறத்தாழப் பத்துக்கு ஏழு பேர் ஓட்டுநர் தேர்வையே எழுதவுமில்லை, ஓட்டிக் காட்டவுமில்லை! ஆய்வாளர்கள் தனியே சோதித்தபோது, உரிமம் பெற்றோரிலே பாதிக்கு மேற்பட்டோருக்கு ஒழுங்காக ஓட்டத் தெரியவில்லை! இடையிலே நின்றவர் யார்? தரகர்! கையூட்டு அவர் வழியாகவே சென்றது.

எண்ணிப் பாருங்கள். ஓட்டத் தெரிந்த ஏழை, தரகருக்குக் கொடுக்கக் காசில்லாமல், வேலைநாளை இழந்து அலைய இயலாமல், உரிமமின்றி நிற்கிறான். ஓட்டத் தெரியாத செல்வன், சட்டைப்பையிலே உரிமத்தோடு உலா வருகிறான். சாலையிலே காவலர் மறிக்கிறார். யார் தண்டிக்கப்படுகிறார்? தெரிந்தவன்! யார் வணக்கத்தோடு அனுப்பப்படுகிறார்? தெரியாதவன்! அந்தத் தண்டனை எந்தக் குழந்தையைக் காத்தது?

எனவே அறம் இருமுனை உடையது. உரிமம் கேட்கும் அரசு, முதலிலே தன் தேர்வுக் களத்தைத் தூய்மையாக்கவேண்டும். தரகரின்றி, கையூட்டின்றி, கூலித் தொழிலாளியும் ஒரு நாளிழப்புக்குள் தேர்வெழுதிப் போகத்தக்கதாக ஆக்கவேண்டும். அப்படி ஆக்கிய அரசுக்கே, இல்லாதவனைத் தண்டிக்கும் தகுதி முழுமையாக வருகிறது. விற்பனைப் பொருளாகிவிட்ட தாளைக் காட்டு என்று கேட்பது, சட்டமாகாது, சந்தையாகும்.

ஐயாயிரத்தின் எடை

இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டம் 1988-ஆம் ஆண்டினது. அதன் 3-ஆம் பிரிவு, செல்லத்தக்க உரிமமின்றிப் பொதுவிடத்திலே எவரும் வண்டி ஓட்டலாகாது என்கிறது. 4-ஆம் பிரிவு வயதைக் கூறுகிறது, பொதுவாக 18. மீறுவோருக்கு 181-ஆம் பிரிவிலே தண்டனை: மூன்று மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தொடக்கத்திலே அந்த அபராதம் 500 ரூபாய் வரை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 5,000 ரூபாய் ஆக்கிற்று. அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்தது. தமிழ்நாட்டிலே உயர்ந்த அபராதங்கள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. தகுதி நீக்கப்பட்ட பிறகும் ஓட்டுகிறவனுக்கு 182-ஆம் பிரிவின்படி 10,000 ரூபாய்.

500 போதாது என்பதிலே ஐயமில்லை. ஆனால் 5,000 என்பது அனைவருக்கும் 5,000 தானா? கட்டடத்திலே சுமை தூக்கும் தொழிலாளிக்கு அது பல நாள் அடுப்பு. ஆலை முதலாளியின் மகனுக்கு ஒரு மாலை விருந்துச் செலவு. ஒருவன் முதுகிலே பாறை; மற்றவன் தோளிலே பஞ்சு! எண் ஒன்றுதான், எடை ஒன்றல்ல. சமமான தொகை சமமான தண்டனை ஆகாது.

பின்லாந்து நாட்டினர் இதை நூறாண்டுக்கு முன்பே உணர்ந்தனர். 1921-ஆம் ஆண்டில் 'நாள் அபராதம்' எனும் முறையைக் கொண்டுவந்தனர். குற்றத்தின் அளவுக்கு இத்தனை நாள் என்று தீர்மானிப்பது. ஒரு நாளின் மதிப்பை அவனவன் வருமானத்தைக் கொண்டு கணிப்பது. 2002-ஆம் ஆண்டில், வேக வரம்பை மீறிய நோக்கியா நிறுவனத்து உயர் அலுவலர் ஒருவருக்கு ஏறத்தாழ 1,16,000 யூரோ அபராதம் விதிக்கப்பட்டது! பிறகு, தம் வருமானம் குறைந்துவிட்டதை அவர் மெய்ப்பித்தபோது அத்தொகை பெரிதும் குறைக்கப்பட்டது. கூட்டியபோதும் குறைத்தபோதும் ஒரே கொள்கை: வலி சமமாக இருக்கவேண்டும்.

"இங்கே அது நடக்குமா? பாதிப்பேரின் வருமானம் எந்தப் பதிவேட்டிலும் இல்லையே!" என்பார்கள். தடை உண்மைதான். ஆனால் வருமானம் ஒளியலாம், வண்டி ஒளியுமா? கோடி ரூபாய்க் காரும், பழைய மொபெட்டும் சாலையிலே கண்முன் நிற்கின்றனவே! வண்டியின் விலைக்கேற்ப அபராதம் அமைந்தால், நேர்மைக்கு ஓரடி நெருங்கியவர்களாவோம். முதன்முறை பிடிபட்ட ஏழை, குறித்த காலத்துக்குள் தேர்வெழுதி உரிமத்தோடு வந்தால் அபராதத்தின் பெரும்பகுதி தள்ளுபடி என்று வைத்தால், கருவூலத்துக்குப் பணம் குறையும். சாலைக்குப் பயின்ற ஓட்டுநர் ஒருவர் கூடுவார். எது இலாபம்?

அபராதத்தை எளியவன் எட்டாத உயரத்திலே வைத்தால் வேறொன்றும் நேரும். ஐயாயிரம் கட்ட இயலாதவன் ஐந்நூறு நீட்டுகிறான். நீட்டிய கை காலியாகத் திரும்புவதில்லை. சட்டப் புத்தகத்திலே தண்டனை ஏறும். சாலையோரத்திலே பேரம் நடக்கும்.

அமெரிக்காவின் பல மாநிலங்களிலே இன்னொரு கொடுமை வளர்ந்தது. அபராதத்தைக் கட்டவில்லையா, உரிமம் நிறுத்தம்! உரிமமின்றி வேலைக்குப் போக இயலாது. போகாவிட்டால் கடன் அடையாது. ஓட்டினால், உரிமமின்றி ஓட்டிய புதுக்குற்றம், மறுபடியும் அபராதம், பிறகு சிறை! ஓட்டத் தெரியாதவர்களல்லர் அவர்கள், கட்ட முடியாதவர்கள். வறுமைக்கே தண்டனை! கலிபோர்னியா மாநிலம் 2017-ஆம் ஆண்டில் அந்த வழக்கத்தைக் கைவிட்டது. உரிமம் திறமையை விட்டுப் பணப்பையை அளக்கத் தொடங்கினால் என்ன நேரும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

தேர்க்காலும் தந்தையும்

தமிழகத்திலே ஒரு பழங்கதை. திருவாரூரிலே மனுநீதிச் சோழன். அவன் மகன் தேரோட்டிச் செல்கிறான். தேர்க்காலிலே ஒரு கன்று அகப்பட்டு மாள்கிறது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைக்கிறது. மன்னன் தன் மகனையே தேர்க்காலில் கிடத்துகிறான். கதையின் முடிவிலே தெய்வம் தோன்றுகிறது; கன்றும் பிழைக்கிறது, மகனும் பிழைக்கிறான்.

மகனைத் தேர்க்காலில் இடும் தண்டனையை நாம் வேண்டவில்லை. உயிருக்கு உயிர் என்பது நாகரிகமன்று. மாண்ட கன்று மீண்டதை நாம் நம்பவுமில்லை. புனேயிலே மாண்ட இருவரும் மீளவில்லை. ஆனால் அந்தக் கதையிலே ஒன்று இருக்கிறது. தேரைத் தந்தவன் நான், தண்டனையிலே எனக்கும் பங்குண்டு என்று எண்ணிய தந்தை இருக்கிறான்! இன்றைய தந்தை என்ன செய்கிறான்? வழக்கறிஞரை அழைக்கிறான்.

2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திலே சேர்ந்த 199-ஏ பிரிவு, இந்தத் தந்தையை நோக்கித்தான் பேசுகிறது. வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் புரிந்தால், பெற்றோர் அல்லது பாதுகாவலருக்கும், வண்டியின் உரிமையாளருக்கும் மூன்றாண்டு வரை சிறை. 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஓராண்டு இரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் இல்லை. தனக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க முயன்றேன் என்றோ மெய்ப்பிக்கும் பொறுப்பு தந்தையினுடையது.

மகன் செய்ததற்குத் தந்தையைத் தண்டிப்பது முறையா? மகன் செய்ததற்காக என்றால் முறையன்று. தான் செய்ததற்காக! சாவியைக் கொடுத்தது யார் கை? பதினைந்து வயதுப் பிள்ளை வண்டி ஓட்டுவதைக் கண்டு, 'என் சிங்கக்குட்டி!' என்று அண்டை வீட்டாரிடம் பூரித்தது யார் வாய்? அந்தக் கைக்கும் அந்த வாய்க்குமே தண்டனை. ஆனால் 25 வயது வரை உரிமமில்லை என்பது, வாடகை வண்டி ஓட்டிப் பிழைக்கவேண்டிய ஏழைப் பிள்ளைக்கு ஏழாண்டுப் பட்டினியாக முடியலாம் என்பதையும் சட்டம் இயற்றுவோர் எண்ணிப் பார்க்கவேண்டும்.

பகுத்தறிவு பேசும் தோழர்களே! நம் கடமை இரண்டு. சட்டத்தைப் பார்த்துக் கேட்போம்: எதை அளக்கிறாய்? யாருக்கும் கதவு திறந்திருக்கிறதா? உன் தண்டனை எல்லார் முதுகிலும் ஒரே எடையா? மூன்றுக்கும் நேர்மையான விடை வரும்வரை, கூட்டத்திலும் ஏட்டிலும் மன்றத்திலும் கேட்டுக்கொண்டே இருப்போம்.

கேட்கிற நாமும் ஒரு கேள்விக்கு விடை சொல்லவேண்டும். கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று நண்பன் வண்டிச் சாவியை நீட்டுகிறான். உரிமம் இல்லை; பழக்கமும் போதாது. அந்தச் சாவியை வாங்குவாயா, தம்பி? கட்டுரை முன்னூறு சொல்லில் எழுதலாம், மூவாயிரம் சொல்லிலும் எழுதலாம். 'வேண்டாம், நடந்தே வருகிறேன்' என்று சொல்ல மூன்று சொல் போதும். முகந்தெரியாத ஒரு குழந்தை அன்று மாலை தன் பந்தோடு வீடு திரும்பும். அதற்கு உன் பெயர் தெரியப் போவதில்லை, தெரியவும் வேண்டியதில்லை.